விடியும்வரை சொல்ல வேண்டிய கதை

கொலைச்சிந்து என்றொரு எளிய நூல்வகை தமிழ்நாட்டில் இருந்தது. மலிவான தாளில் சில பக்கங்களே கொண்டதாக அச்சிடப்பட்டு, வாரச் சந்தைகளிலும் தேர்த்திருவிழாக் கூட்டங்களிலும் ரயில் நிலைய வாசல்களிலும் பாடிப் பாடி விற்கப்பட்ட அந்தச் சிறு புத்தகங்களில், எந்த ஊரில் யார் யாரைக் கொன்றார், எதன்பொருட்டுக் கொன்றார், போலீஸார் எவ்விதம் துப்புத் துலக்கினர், நியாயஸ்தலத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம், தொடக்கத்தில் ஒரு கடவுள் வணக்கமும் முடிவில் ஒரு புத்திமதியுமாக, கேட்டவர் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகளில் சொல்லப்பட்டன. கற்றவர்கள் அவற்றை இலக்கியமாக மதித்ததில்லை. ஆயினும், பத்திரிகை வாங்க வசதியற்ற, வாங்கினாலும் வாசிக்கத் தெரியாத பெருந்திரளான ஜனங்களுக்கு நாட்டு நடப்பைக் கொண்டுவந்து சேர்த்த சாதனங்களுள் அதுவும் ஒன்று. இன்று ஓமலூரிலோ சங்ககிரியிலோ ராசிபுரத்திலோ பரமத்தி வேலூரிலோ ஒரு தேநீர்க்கடையில் மாலை வேளையில் நின்று, சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் பின்னணி இசையோடும் எதுகை மோனையோடும் ஒரு குற்றச் செய்தி தொடங்குவதையும், கடையில் இருப்போர் கையிலெடுத்த கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திக் கேட்பதையும் பார்க்கிற எவரும், அந்தச் சிந்துக்காரர் மறைந்துவிடவில்லை, இருப்பிடத்தைத்தான் மாற்றிக்கொண்டார் என்று உணராமல் இருக்க முடியாது.

செய்தியைக் கதையாக்கிவிட்டார்கள் என்று படித்த வட்டாரங்களில் எழுகிற குறை முற்றிலும் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் அது நோயின் இடத்தைத் தவறாகச் சுட்டுகிறது என்பது என் அபிப்பிராயம். கதை சொல்வது குற்றமானால் நம் முன்னோர் தம் சரித்திரத்தை நினைவில் வைத்திருந்த முறை முழுவதுமே குற்றமாகிவிடும். இன்றைய தொலைக்காட்சியிடம் நாம் கொள்ள வேண்டிய மனக்குறை வேறு: கதையைத் தொடங்கத் தெரிந்தவர்கள் அது முடியும்வரை உட்கார்ந்திருப்பதில்லை. முதல் நாள் ஆவேசமாகச் சொல்லப்பட்ட சம்பவம் மூன்றாம் நாள் வேறொரு சம்பவத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி, பல ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும் நாளில் இரண்டு நிமிஷத் துணுக்காகத் திரும்பிவருகிறது; இடைப்பட்ட காலத்தில் சாட்சிகள் என்ன ஆனார்கள், பறிகொடுத்த குடும்பம் எத்தனை முறை கோர்ட்டுப் படியேறியது என்பதெல்லாம், முதல் நாள் அந்தக் கதையைக் கண்ணிமைக்காமல் கேட்டவனுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் நடந்த சில சம்பவங்களையும், அவற்றோடு தொடர்புள்ள அயல்மாவட்டத்துச் சம்பவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, செய்தி சொல்லும் முறை எவ்வாறு மாறிவந்திருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்த மண்ணின் ஜனங்களுக்கு நீண்ட கதையைக் கேட்கும் பொறுமை பரம்பரையாக வாய்த்தது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரின் கதை, உடுக்கை ஒலிக்க, ஒருவர் பாட மற்றவர் பின்பாட்டுப் பாட, கொங்கு நாட்டில் பல இரவுகள் தொடர்ந்து நடப்பது. கனடாவிலிருந்து வந்த மானிடவியல் ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக், காங்கேயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி, 1965-ஆம் ஆண்டில் அதை ஒலிநாடாவில் பதிவுசெய்துகொண்டார்; அந்தப் பதிவே பிற்காலத்தில் அச்சேறியது, அசைபடத் தொடராகவும் ஆயிற்று. மேட்டூர், எடப்பாடி, ஜலகண்டாபுரம் வட்டாரங்களில் கூத்து இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனை அறிமுகம் செய்வதும் அவனே, அரசனை எள்ளுவதும் அவனே. சபையோர் கேட்க நினைக்கிற கேள்வியை அவர்கள் சார்பில் கேட்பவனும் அவனே. அவன் பேச்சில் உள்ளூர் வம்பும் உண்டு, ஆபாசமும் சில சமயம் உண்டு. ஆனால் நடுநிசியில் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவதில்லை.

உடுக்கையும் கூத்தும் மட்டுமல்ல, சினிமாவும் இந்த ஊர்ச் செவியைப் பழக்கியிருக்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் தன் வளாகத்துக்குள்ளேயே நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிய ஸ்தாபனம்; தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. அதற்கு முன் 1950-இல் ‘மந்திரி குமாரி’க்கு மு. கருணாநிதி வசனம் எழுதியபோது, அடுக்குமொழி என்ற புதிய சங்கீதத்தைத் தமிழகம் முழுவதும் கேட்டது. ஆதலால், அதே சேலத்தில் கேபிள் ஒளிபரப்பாகத் தோன்றி, 2009-இல் செயற்கைக்கோள் அலைவரிசையாகி, பின்னர் முழுநேரச் செய்தி அலைவரிசையாகவும் வளர்ந்த பாலிமர், செய்தியின் பின்னணிக் குரலுக்கென்று ஒரு தனி வசன நடையை உண்டாக்கிக்கொண்டதை நான் தற்செயல் என்று நினைப்பதில்லை. அந்த நடையின் சுபாவத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அது எதற்கு மாற்றாக வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வானொலியின் செய்தி வாசிக்கப்பட்டதே தவிர, சொல்லப்பட்டதில்லை. டில்லியிலிருந்து பூர்ணம் விஸ்வநாதனும், அவருக்குப் பின் சரோஜ் நாராயணசுவாமியும் தமிழில் வாசித்த காலங்களில், யுத்தமாயினும் தேர்தலாயினும் குரலின் ஏற்ற இறக்கம் ஓர் எல்லையைத் தாண்டாது. கேட்பவன் தன் துக்கத்தையும் சந்தோஷத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, வினாடிக்கு இத்தனை கனஅடி வரத்து என்று அந்தக் குரல் சொன்னால், 120 அடியை எட்டுமா எட்டாதா என்று கணக்கிட்டுக் கவலைப்படுவது காவேரிப் பாசனக்காரரின் பொறுப்பு. இந்த ஒதுங்கிய தோரணை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிபிசி நிறுவனம் 1954-இல் தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது, வாசிப்பவரின் முகத்தையே காட்டவில்லை. முகபாவம் செய்தியின் நடுநிலைக்கு ஊறு விளைவித்துவிடும் என்று அஞ்சி, படங்களை மட்டும் காட்டிக் குரலை மறைவிலிருந்து ஒலிக்கச் செய்தார்கள். முகம் வெளிப்பட்டது அடுத்த ஆண்டில்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கியது. அந்தத் தேதியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நெருக்கடி நிலை பிரகடனமாகி இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். அத்தகைய வேளையில் பிறந்து, பின்னர் ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு முதலியோரின் தெளிந்த உச்சரிப்பால் வீட்டுக்கு வீடு பிரசித்தமான அந்தச் செய்தி வாசிப்பைப் பற்றி இன்று பலரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். உச்சரிப்பின் அழகில் எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அமைதியான குரலும் உண்மையான செய்தியும் ஒன்றே என்று மயங்கக்கூடாது. ஆவேசமில்லாத அந்தக் குரலில் அரசாங்கம் சொல்ல விரும்பியது வந்தது, சொல்ல விரும்பாதது வரவில்லை. சேலத்து விசைத்தறிக்காரரோ நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரோ ராசிபுரத்துப் பட்டு நெசவாளரோ தம் வாயால் தம் குறையைச் சொல்லும் இடம் அதில் மிகச் சொற்பம். மந்திரி வந்து அடிக்கல் நாட்டினால் அவர்கள் முகம் கூட்டத்தோடு கூட்டமாகத் தெரியும், அவ்வளவே.

முதல் மாற்றம் ஒளிநாடா வடிவில் வந்தது. கலாநிதி மாறன் 1990-இல் வெளியிடத் தொடங்கிய ‘பூமாலை’ என்ற வீடியோ இதழ், வாடகைக் கடைகள் வழியே வீடுகளுக்குச் சென்று, செய்திப் படத்துக்கு அரசுத் தொலைக்காட்சிக்கு வெளியேயும் ஒரு பாதை உண்டு என்று காட்டியது. மறு ஆண்டு வளைகுடா யுத்தத்தை சிஎன்என் நேரலையில் காட்டியதும், கேபிள் கம்பி தெருத்தெருவாகப் படர்ந்ததும், 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி பிறந்ததும் அடுத்தடுத்து நடந்தன. அதன்பின் 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதுசெய்யப்பட்ட காட்சியை சன் தொலைக்காட்சி நாள் முழுதும் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, அதே நிகழ்ச்சியை வேறு கோணத்தில் காட்டும் வேறு படங்களை ஜெயா தொலைக்காட்சி ஒளிபரப்ப, ஒரே இரவுக்கு இரண்டு கதைகள் உண்டென்று தமிழ்நாட்டுப் பார்வையாளன் முதன்முறையாகக் கண்கூடாகக் கண்டான். படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்கு அன்று ஏற்பட்ட விரிசல் இன்றுவரை ஒட்டவில்லை. எந்த வீட்டில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதைக் கொண்டு அந்த வீட்டாரின் கட்சியை ஊகிக்கும் பழக்கம் கிராமங்களில் அதற்குப் பிறகு வேரூன்றிவிட்டது.

இதற்கு இணையாக, மேட்டூருக்கு மேற்கே உள்ள மலைகளிலிருந்து வேறொரு விதமான கதை இறங்கிவந்துகொண்டிருந்தது. நக்கீரன் இதழைச் சேர்ந்தவர்கள் காட்டுக்குள் சென்று எடுத்துவந்த, சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் பேட்டிகளைக் கண்டபோது, அதுவரை போலீஸ் அறிக்கையில் மட்டுமே வாழ்ந்த ஒரு மனிதன், தன் குரலில், தன் கொச்சையில், தன் நியாயத்தைத் தானே சொல்வதை ஜனங்கள் கேட்டார்கள். 2000 ஜூலை 30-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்ட பிறகு, ஒலிநாடா எப்போது வரும், அதில் என்ன நிபந்தனை இருக்கும் என்று இரண்டு மாநிலங்கள் காத்திருந்த 108 நாட்களும் ஒரு தொடர்கதையின் விறுவிறுப்போடு கழிந்தன. குற்றவாளிக்கு மைக்கை நீட்டலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அவன் பேச்சைக் கேட்காமலிருந்தால் அந்தக் காடுகளில் அதிரடிப்படையால் அவதியுற்ற மலைவாசிகளின் கதையும் பலருக்குத் தெரிய வந்திராது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்; அவனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அவ்வளவு நேரம் மைக் நீட்டப்படவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். 2004 அக்டோபரில் தர்மபுரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அவன் உடல், சேலம் மாவட்டத்து மூலக்காட்டில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் அருகே புதைக்கப்பட்டது.

2011-இல் புதிய தலைமுறையும், மறு ஆண்டில் தந்தி தொலைக்காட்சியும் தொடங்கியபின் முழுநேரச் செய்தி என்பது தமிழில் நிலைபெற்ற தொழிலாயிற்று. இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்பச் சென்னைச் சம்பவங்கள் போதா. ஆகவே தாலுக்கா தோறும் ஒரு பகுதிநேரச் செய்தியாளர், அவர் கையில் அலைவரிசையின் பெயர் பொறித்த மைக், பையில் ஒரு கைப்பேசி என்று ஏற்பாடு விரிந்தது. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பவ இடத்துக்குப் போகிற தாலுக்காச் செய்தியாளர் எடுக்கிற காட்சிக்கு விஷுவல் என்றும், சம்பந்தப்பட்டவர் பேசுகிற துண்டுக்கு பைட் என்றும் பெயர். இவற்றோடு காவல்நிலையத்தில் கிடைத்த விவரத்தை நாலு வரியாகத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். சென்னையில், அந்த ஊரைப் பார்த்திராத ஓர் உதவி ஆசிரியர், அந்த நாலு வரியைக் கதையாக வளர்த்து எழுதுகிறார். குரல் கொடுப்பவர் அதற்கு பாவம் ஏற்றுகிறார். படத்தொகுப்பாளர் இசையையும் சிவப்பு வட்டத்தையும் சேர்க்கிறார்.

பாலிமர் நடை என்று ஜனங்கள் சுட்டுவது இந்த இரண்டாம் கட்டத்தில் உருவாகிற ஒன்றே. இப்போது அதை ஏறக்குறைய எல்லா அலைவரிசைகளும் ஏதேனும் ஓர் அளவில் பின்பற்றுகின்றன. ஏமாற்றுக்காரனுக்கு ஒரு பட்டப்பெயர், அவன் பேராசைக்கு ஒரு எள்ளல், வாக்கியத்துக்கு வாக்கியம் மோனை, முடிவில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை என்று அமைந்த அந்த நடையில், சிந்துக்காரரின் புத்திமதியும் கட்டியங்காரனின் நையாண்டியும் ஒருங்கே இருக்கின்றன. சீட்டுக் கம்பெனி மோசடியையும் ஆன்லைன் கடன் செயலியின் வஞ்சனையையும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குப் புரிகிறபடி விளக்கியதில் அந்த நடைக்குள்ள பங்கை நான் குறைத்து மதிப்பிடத் தயாராக இல்லை. ஆனால் கட்டியங்காரன் எள்ளுகிற துரியோதனன் பக்கத்துத் தெருவில் குடியிருப்பதில்லை. செய்தியில் வருகிறவன் அங்கேதான் குடியிருக்கிறான். அவன் மனைவி மறுநாள் காலையில் அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். அவன் மகள் அதே பள்ளிக்குப் போக வேண்டும். ஒருவேளை அவன் குற்றமற்றவன் என்று பின்னால் தெரியவந்தால், சூட்டிய பட்டப்பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு நிகழ்ச்சியும் இருப்பதில்லை. ஊரில் வாழ்கிற தாலுக்காச் செய்தியாளருக்கு இது தெரியும். சந்தையில் அந்தக் குடும்பத்தாரின் முகத்தில் அவர் விழித்தாக வேண்டும் என்பதால், அவர் அனுப்பிய நாலு வரியில் ஒரு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கந்தான் சென்னைக்குப் போய்ச் சேருமுன் முதலில் உதிர்ந்துவிடுகிறது.

நேரலையின் வல்லமையையும் அதன் வரம்பையும் ஒருசேரக் காட்டிய நாட்கள் 2019 அக்டோபர் 25 முதல் 29 வரை. திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நாள் உட்பட, ஐந்தாம் நாள் அதிகாலையில் உடல் மீட்கப்படும்வரை, தமிழகம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தது. திருச்செங்கோட்டாருக்கு அது வெறும் காட்சியாக இருந்திருக்க முடியாது. இந்தியா முழுவதற்கும் துளைபோடும் ரிக் வண்டிகளை அனுப்புகிற ஊர் அது. பாறையின் கடினம், பக்கத்துத் துளையின் அதிர்வால் நேரக்கூடிய மண்சரிவு, ஓர் அடி இறங்க ஆகும் நேரம் இவையெல்லாம் அங்கே வீட்டுப் பேச்சு. அவர்கள் அறிந்த அந்த நுட்பங்களைக் கேட்டு விளக்குவதற்குப் பல மணி நேர நேரலையில் தாராளமாக இடம் இருந்தது. கைவிடப்பட்ட கிணறுகளை மூடாமல் விடுவது யார் பொறுப்பு, அதுபற்றி உச்சநீதிமன்றம் 2010-இலேயே வகுத்த நெறிமுறைகள் எந்த அலுவலகத்தில் தூங்கின என்று விசாரிக்கவும் இடம் இருந்தது. ஆனால் பெரும்பான்மையான நேரம் தாயின் கண்ணீருக்கும் பிரார்த்தனைக்கும் போயிற்று. அந்த நேரலையில் பெற்றோர் ஆழ்ந்திருந்த வேளையில் தூத்துக்குடியில் மற்றொரு குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்ததாக வந்த செய்தியைப் படித்த நாளின் கலக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி, இந்தச் சமவெளியையே உலுக்கிய வழக்குக்கு வருகிறேன். ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. அவர் தலித்; அந்தப் பெண் வேறு சாதி. தேடப்பட்டவர்களில் முதன்மையானவர், ஒரு சாதி அமைப்பின் தலைவர், மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளைப் பரப்பினார். தொலைக்காட்சியிலும் தோன்றிப் பேசினார். அக்டோபரில் நாமக்கல்லில் சிபிசிஐடி அலுவலகத்தில் சரணடைந்தபோது, அது ஓர் ஊர்வலத்தின் ஆரவாரத்தோடு படமாயிற்று. வீரப்பன் காலத்துக் கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகத் திரும்பிவந்தது. செய்தி அலைவரிசைகளின் பரபரப்புக்கு அவர் கதாநாயகனாகவும் வில்லனாகவும் பயன்பட்டார். மகனை இழந்த தாயோ, அழுகிற சில விநாடிகளாக மட்டுமே பயன்பட்டார்.

அதன்பின் நடந்தவையே உண்மையான கதை. அவற்றைத்தான் தொலைக்காட்சி சொல்லாமல் விட்டது. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். பிறழ்ந்த பின் மிஞ்சிய ஆதாரங்களில் தலையாயது, கோயிலில் பொருத்தியிருந்த கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, ஐவர் விடுதலையாயினர். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் எம். எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும், 2023 ஜனவரியில் தாமே திருச்செங்கோட்டுக்கு வந்து மலையேறி, எந்தக் கேமரா எங்கே இருந்தது, அதில் எந்த வாயில் தெரியும் என்று நேரில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். 2015-இல் அந்தக் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய அலைவரிசைகளில் ஏதேனும் ஒன்று, அந்தப் பதிவு எப்படிக் கைப்பற்றப்பட்டது, எப்படி நிரூபிக்கப்பட்டது, எதிர்த்தரப்பு அதை எப்படியெல்லாம் தகர்க்க முயன்றது என்பதை ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லியிருந்தால், சாதியின் பெயரால் நடக்கும் கொலைகளில் நியாயம் கிடைப்பது எவ்வளவு அரிது, எதனால் அரிது என்பது இந்த மாவட்டங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் விளங்கியிருக்கும். நீதிபதிகளுக்கு ஏறத் தோன்றிய மலை, கேமராவைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்த எட்டாண்டுகளில் ஏறத் தோன்றவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்கிறேன்.

வேறு இரண்டு சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரலில், ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய ஊழியர் ஒருவர் குழந்தைகளின் நிறத்தையும் பாலினத்தையும் வைத்து விலை பேசும் ஒலிப்பதிவு வெளியாயிற்று, முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருவதாக அந்தக் குரல் சொன்னதைக் கேட்டுத் தமிழ்நாடே திகைத்தது, பலர் கைதாயினர், கொல்லிமலை வட்டாரத்தில் பிறப்புப் பதிவேடுகளைச் சுகாதாரத் துறையினர் புரட்டத் தொடங்கினர். அந்த ஒலிப்பதிவை எத்தனை நூறு முறை கேட்டோம். அந்தப் பதிவேடுகளிலிருந்து தெரிய வந்தவற்றை எத்தனை முறை கேட்டோம்? அதற்கு முந்திய ஆண்டு, சேலம் சென்னை எட்டுவழிச் சாலைக்காக 277 கிலோமீட்டருக்கு நிலம் அளக்க வந்தபோது, அளவுக்கல் நட்ட வயலில் விழுந்து புரண்டு அழுத பெண்களின் காட்சி அலைவரிசைதோறும் வந்தது. அந்தக் காட்சிக்குப் பலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தைப் பற்றி அரசாங்கம் ஊருக்கு ஊர் விளக்கம் சொல்ல நேர்ந்தது. ஆனால் 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்துசெய்ததற்கும், 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதற்கு மாறான முடிவைச் சொன்னதற்கும் என்ன காரணம், பட்டாவில் செய்த மாறுதல் என்ன ஆகும் என்பதை விளக்கும் பொறுப்பு, பெரும்பாலும் விவசாயச் சங்கக்காரர்களின் துண்டுப் பிரசுரத்துக்கே விடப்பட்டது.

இதற்கெல்லாம் ரேட்டிங் என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிவிடுவது வழக்கம். பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் கணக்கு, எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் வேறு அலைவரிசைக்குத் தாவினர் என்று காட்டுவதால், ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2020 அக்டோபரில் ரேட்டிங் மோசடிப் புகார்களுக்குப் பின் செய்தி அலைவரிசைகளுக்கு அந்தக் கணக்கு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்வரை வெளிவரவில்லை. அந்தப் பதினேழு மாதங்களில் எந்த அலைவரிசையும் நிதானமடைந்ததாக நான் காணவில்லை. அவசரம் ஏற்கெனவே பழக்கமாகிவிட்டிருந்தது.

ஜனங்கள் நீண்ட கதையைக் கேட்க மாட்டார்கள் என்ற வாதத்தையும் அநுபவம் பொய்யாக்கிவிட்டது. 2023-இல் நெட்ஃபிளிக்ஸிலும் ஜீ5 தளத்திலும் வீரப்பனைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன; நக்கீரன் ஆட்கள் அக்காலத்தில் எடுத்த அதே படங்கள் இரண்டாவதற்கு ஆதாரமாயின. கால்நூற்றாண்டுக்கு முன் துண்டு துண்டாகப் பார்த்ததை, அதிரடிப்படையினரும் மலைவாசிகளும் போலீஸ் அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் மாறி மாறிப் பேச, மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த இளைஞர்கள் இந்தக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். அண்ணன்மார் கதைக்கு இரவுகளை ஒதுக்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். குறை கேட்பவரிடத்தில் இல்லை.

தொலைக்காட்சியால் ஒரு விஷயத்தை நாள் தவறாமல் தொடர முடியாது என்றும் சொல்ல இயலாது. மேட்டூரின் நீர்மட்டத்தையும் நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலையையும் அது நாள்தோறும் சொல்லிவருகிறது. கோழிப்பண்ணைக்காரருக்கு ஐந்து பைசா ஏற்ற இறக்கமும் முக்கியம் என்பதால், அதில் சுவாரஸ்யம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வழக்கின் வாய்தாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்றே கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பிரைம் டைம் வேண்டாம், ஞாயிறு முற்பகல் அரை மணி நேரம் போதும். ஓராண்டுக்கு முன், ஐந்தாண்டுக்கு முன், அதே அலைவரிசை பரபரப்பாகச் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வழக்கு எந்தக் கோர்ட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இழப்பீடு வந்ததா, மாற்றப்பட்ட அதிகாரி எங்கே திரும்பவும் நியமிக்கப்பட்டார், அன்று பட்டப்பெயர் சூட்டப்பட்டவர் விடுதலையானாரா என்று சொல்லட்டும். எள்ளலும் மோனையும் அந்த நடைக்கு அழகென்றால் அங்கேயும் இருக்கட்டும்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ராசிபுரத்திலும் கோர்ட்டு வளாகத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற தாலுக்காச் செய்தியாளருக்கு இந்த வழக்குகளில் பாதியாவது மனப்பாடம். வாய்தா தேதி குறித்த நோட்டுப் புத்தகம் சிலரிடம் உண்டு. விஷுவல் இல்லாத செய்திக்குக் காசு கிடையாது என்பதால்தான் அவர் அதை அனுப்புவதில்லை. வாய்தாவுக்குப் போய்வந்த நாளுக்குப் பேருந்துச் செலவும் அரைநாள் ஊதியமும் தருவதாக ஓர் அலைவரிசை முடிவெடுத்தால், அடுத்த திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கிவிடலாம்.